டீச்சருங்க கழுத்து வலியை தடுக்கறாங்களான்னு எப்படிங்க அளக்கறது? அடிக்கடி வர்ற கேள்விகள்

கோபி, சத்தி, பெருந்துறை சுத்துவட்டாரத்துல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போயி, கழுத்து வலி வராம இருக்க டீச்சருங்க என்னென்ன பண்றாங்கன்னு படிவம் கொடுத்து நிரப்பி வாங்கற வேலைல நானும் ஒரு ஆளு. தொழில் பிசியோதெரபி. எந்த ஊருக்கு போனாலும் ஸ்டாஃப் ரூம்ல அதே சந்தேகம், சில இடத்துல அதே கோவம். ஒவ்வொரு தடவையும் வாயால சொல்றதுக்கு எழுதி வெச்சுட்டா அனுப்பி விட்டுடலாமேன்னுதான் இது. கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்குது.

ஏனுங்க, எனக்குத்தான் கழுத்து வலியே இல்லீங்களே, நான் எதுக்கு இதை நிரப்பணும்?

உங்கள மாதிரி ஆளுங்கதானுங்க எங்களுக்கு ரொம்ப வேணும். இந்த படிவம் வலி எவ்வளவு இருக்குதுன்னு கேக்கலை, வலி வர்றதுக்கு முன்னாடி தினமும் என்ன பண்றீங்க, என்னத்த விட்டுடறீங்கன்னு கேக்குது. வலி வந்தவங்ககிட்ட மட்டும் கேட்டா வந்தப்புறம் மாத்திக்கிட்ட பழக்கத்தத்தான் சொல்லுவாங்க, வராம இருக்கறவங்க என்ன பண்றாங்கங்கறது வெளிய தெரியாமயே போயிரும்.

"இத்தனை வருச சர்வீஸ்ல ஒரு நாள் கூட கழுத்து புடிச்சதில்லை"ன்னு சொல்ற சார் ஒருத்தர் பல ஸ்கூல்ல இருப்பாருங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டா ஒண்ணும் பண்றதில்லீங்கன்னுவாரு. ஆனா ஃப்ரீ பீரியட்ல நாற்காலில உக்கார மாட்டாரு, வராண்டால நடந்துட்டே இருப்பாரு, நோட்ட ஒரே மூச்சுல திருத்தாம பத்து பத்தா திருத்துவாரு. அதெல்லாம் தடுப்புன்னு அவருக்கே தெரியாது, கேள்வியா கேட்டாத்தான் வரும்.

டீச்சர் வேலைல கழுத்துக்கு அப்படி என்னங்க கஷ்டம்? மூட்டை தூக்கறவங்களே சும்மா இருக்கறாங்க.

மூட்டை தூக்கறவங்களுக்கும் வலிக்குதுங்க, நம்மகிட்ட வந்து சொல்றதில்லை அவ்வளவுதான். டீச்சருக்கு பாரம் பிரச்சனை இல்லை, ஒரே நிலைல ரொம்ப நேரம் இருக்கறதுதான் பிரச்சனை. நாப்பது நோட்டு திருத்தறத கொஞ்சம் பாருங்க. மேசை வவுத்து உயரத்துல, நோட்டு அதுமேல படுத்துக் கிடக்குது, பையன் எழுத்து பொடிசு, அதனால தாடை நெஞ்ச தொடற அளவுக்கு குனிஞ்சாச்சு, இடது கை தாள் புரட்டுது, வலது கை டிக் போடுது, பொடனி, அதாவது பின்கழுத்து, மட்டும் முக்கா மணி நேரமா அசையவே இல்லை. தசை சுருங்கி விரிஞ்சாத்தான் ரத்தம் நல்லா ஓடும், இறுகியே நின்னா சோந்து போயி வலிக்க ஆரம்பிச்சிரும். அது முடிஞ்சா போர்டு, கைய தோளுக்கு மேல தூக்கி எழுதிட்டே தலைய மட்டும் திருப்பி கடைசி பெஞ்சுல பேசறவன பாக்கறது. அப்புறம் எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, அட்டெண்டன்ஸ் போட செல்ல குனிஞ்சு பாக்கறது, பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சா விடைத்தாள் திருத்தற முகாம், அதுக்கு நடுவுல ரிசல்ட் டென்ஷன். மனசு இறுகினா தோளும் சேந்து இறுகுதுங்க, அது சும்மா பேச்சுக்கு சொல்றதில்லை.

2011-ல எரிக், ஸ்மித்னு ரெண்டு பேரு பல நாட்டு ஆய்வுகள தொகுத்து பாத்தாங்க. ஆசிரியருங்ககிட்ட தசை, எலும்பு சம்பந்தப்பட்ட வலி 39 சதவீதத்துல இருந்து 95 சதவீதம் வரைக்கும்னு வந்துச்சு, அதுல கழுத்து, முதுகு, தோள், கைதான் முக்கியமான இடம். 39 எங்க, 95 எங்க! நாட்டுக்கு நாடு வேலை மாறுதுங்கறது ஒண்ணு, ஆளாளுக்கு ஒரு மாதிரி கேட்டு அளந்ததும் ஒண்ணு. அளக்கறத பத்தி நாங்க இவ்வளவு அலட்டிக்கறது இதுனாலதான்.

தலைய குனிஞ்சா கழுத்துல 27 கிலோ பாரம்னு வாட்ஸ்அப்ல வருதே, நெசமாங்க?

அந்த கணக்கு வந்த இடம் நெசம். 2014-ல ஹன்ஸ்ராஜ்னு ஒரு அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் போட்டது. தலை நேரா இருந்தா சுமார் 5 கிலோ, 15 டிகிரி குனிஞ்சா 12, 30-க்கு 18, 45-க்கு 22, 60 டிகிரிக்கு 27 கிலோன்னு. ஆனா அது கம்ப்யூட்டர் மாடல்ல போட்ட கணக்கு, ஆளுங்க கழுத்துல மெஷின் வெச்சு அளந்ததில்லை. குனிய குனிய பொடனி தசைக்கு வேலை ஏறும்ங்கறது சரி, அதுக்காக குனிஞ்சாவே எலும்பு தேஞ்சிரும்னு பயந்துக்க வேண்டாம். கழுத்து குனியறதுக்குத்தான் இருக்குது, குனிஞ்சா குனிஞ்சபடியே கெடக்கறதுதான் வம்பு.

கழுத்து வலிக்குன்னு ஏற்கனவே படிவம் இருக்குதாமே, அதையே கொடுக்க வேண்டீதுதானே?

இருக்குது, நல்ல படிவங்கதான். 1991-ல வெர்னான், மியோர் ரெண்டு பேரும் போட்ட கழுத்து இயலாமை அட்டவணைல பத்து பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 5, மொத்தம் 50. வலியால உங்க அன்றாட வேலை எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு அது சொல்லும். 1987-ல வந்த நார்டிக் படிவம் உடம்ப ஒம்பது இடமா பிரிச்சு, கடந்த 12 மாசத்துல வலி இருந்துச்சா, கடந்த 7 நாள்ல இருந்துச்சான்னு கேக்கும்.

ரெண்டுமே நடந்து முடிஞ்சத அளக்கறது. நார்டிக்ல "இல்லை"ன்னு டிக் போட்டுட்டு போற டீச்சர் அடுத்த வருசம் காலர் மாட்டிட்டு வரலாம், அதுக்கான வழி இப்ப அவங்க மேசைல, அவங்க உக்கார்ற விதத்துல இருக்கலாம், அது அந்த படிவத்துக்கு தெரியாது. அதனால நாங்க நார்டிக்ல இருந்து கழுத்து கேள்விய மட்டும் எடுத்துட்டு, கூடவே தடுப்பு பழக்கத்துக்குன்னு தனி கேள்விகள் வெக்கறோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாத்தான் ஏதாவது புரியும்.

தடுப்பு பழக்கம்னா என்னென்னங்க? நேரா உக்காரறதுதானே?

அது ஒண்ணு, அதுவும் பெரிய ஒண்ணு இல்லைங்கறது என் அபிப்பிராயம். ஒருத்தர் எட்டு பீரியடும் நேராவே உக்காந்தாலும் கழுத்து கடுக்கத்தான் செய்யும். நாங்க கேக்கறது நாலஞ்சு வகை. திருத்தும்போது நோட்ட பரீட்சை அட்டைலயோ புஸ்தகத்து மேலயோ சாய்ச்சு உசத்தி வெக்கறீங்களா. அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கறீங்களா. போர்டுல தலைக்கு மேல எழுதாம கண்ணு உயரத்துல எழுதி அழிச்சு எழுதறீங்களா, பசங்கள பாக்க கழுத்த மட்டும் திருப்பாம உடம்போட திரும்பறீங்களா. செல்ல கண்ணுக்கு கிட்ட தூக்கி பாக்கறீங்களா. நோட்டுக்கட்ட ஒரே தோள்ல பையில மாட்டிட்டு போறீங்களா, இல்ல பிரிச்சு எடுத்துட்டு போறீங்களா.

அப்புறம் உடற்பயிற்சி. இதுக்கு நான் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பேன், காரணம் இருக்குது. 2018-ல வந்த ஒரு தொகுப்பாய்வுல, புதுசா கழுத்து வலி வர்றத உடற்பயிற்சி குறைக்குதுங்கறதுக்கு நடுத்தரமான ஆதாரம் கிடைச்சுது, மேசை நாற்காலிய சரி பண்றது மட்டுமே தடுக்குதுங்கறதுக்கு ஆதாரம் கிடைக்கலை. அதுக்காக மேசைய கண்டுக்க வேண்டாம்னு அர்த்தம் இல்லை, அதை பத்தி கீழ ஒரு கோவமான கேள்வி வருது, அங்க சொல்றேன். தூக்கம், தலகாணி உயரம், மனசு சுமை இதுக்கும் ஒண்ணு ரெண்டு கேள்வி உண்டு.

பண்றீங்களான்னு கேட்டா போதாதா? "உங்களால முடியும்னு நம்பறீங்களா", "இதனால பலன் இருக்கும்னு நினைக்கறீங்களா"ன்னு எதுக்கு சுத்தி வளைக்கறீங்க?

எல்லாருக்கும் எல்லாம் தெரியுது, யாரும் பண்றதில்லை, அதுக்குத்தானுங்க. 1950-கள்ல அமெரிக்க பொது சுகாதாரத் துறைல இருந்தவங்களுக்கு இதே குழப்பம். டிபி இருக்குதான்னு இலவசமா எக்ஸ்ரே எடுக்கறோம்னு வண்டிய கொண்டு போயி நிறுத்தினாலும் ஜனம் வரலை. ஏன்னு தோண்டி பாத்துத்தான் உடல்நல நம்பிக்கை மாடல்னு (ஹெல்த் பிலீஃப் மாடல்) ஒண்ணு போட்டாங்க. எனக்கு இது வரும்னு நினைக்கணும், வந்தா மோசம்னு நினைக்கணும், தடுத்தா பலன் உண்டுன்னு நினைக்கணும், குறுக்க நிக்கற தடை கம்மியா இருக்கணும். 1977-ல பாண்டுரா சொன்ன "என்னால முடியும்"ங்கற தன்னம்பிக்கை பின்னாடி அதுல சேந்துச்சு.

டீச்சருங்ககிட்ட கேட்டா பெரும்பாலும் மாட்டறது தடைலதான். "எந்திரிச்சு கழுத்த சுத்தினா பசங்க சிரிப்பாங்க"ன்னு ஒரு டீச்சர் சொன்னாங்க. அவங்களுக்கு பயிற்சி தெரியாதுன்னு சொல்லி படம் போட்ட சார்ட்ட கொண்டு போயி ஒட்டி என்ன பிரயோசனம்? எங்க மாட்டுதுன்னு தெரிஞ்சா அங்க கை வெக்கலாம், அதுக்குத்தான் அந்த கேள்வியெல்லாம்.

எப்பவும், அடிக்கடி, சில நேரம், எப்பவாச்சும், இல்லவே இல்லைன்னு அஞ்சு கட்டம். "அடிக்கடி"னா எத்தனைங்க?

நியாயமான கேள்வி. இந்த அஞ்சு படி முறைய 1932-ல லைக்கர்ட்ங்கறவர் கொண்டு வந்தாரு, அதுல இருந்து எல்லாரும் இதே சண்டைதான் போட்டுட்டு இருக்கறாங்க. ஒருத்தருக்கு வாரத்துல ரெண்டு நாளே அடிக்கடி, இன்னொருத்தருக்கு தினமும் பண்ணினாத்தான் அடிக்கடி. அதனால எங்க படிவத்துல ஒவ்வொரு கட்டத்துக்கு கீழயும் நாள் கணக்கு போட்டிருக்குது: வேலை நாள் அஞ்சுல அஞ்சு நாளும்னா எப்பவும், மூணு நாலு நாள்னா அடிக்கடி, ரெண்டு நாள்னா சில நேரம், ஒரு நாள்னா எப்பவாச்சும். போன வாரத்த மட்டும் நினைச்சு டிக் போடுங்க, போன வாரம் லீவுல இருந்திருந்தா அதுக்கு முந்தின வாரம். "நான் பொதுவா எப்படி"ன்னு யோசிச்சா நல்லவங்களாத்தான் தெரிவோம்.

அதே கேள்விய மாத்தி மாத்தி கேக்கறீங்களே, எங்கள டெஸ்ட் பண்றீங்களா?

உங்கள இல்லீங்க, படிவத்த. "இடையில எந்திரிப்பேன்"னு ஒரு கேள்வி, பத்து கேள்வி தள்ளி "நோட்டு முடியற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டேன்"னு ஒரு கேள்வி. ரெண்டுக்கும் எப்பவும்னு போட்டா ஒண்ணு நீங்க படிக்காம வரிசையா ஒரே கட்டத்துல டிக் போட்டிருக்கறீங்க, இல்ல கேள்வி புரியற மாதிரி இல்லை. எப்பவும்னா 5, இல்லவே இல்லைன்னா 1னு மார்க். தலைகீழா கேட்ட கேள்விக்கு மட்டும் மார்க்க 6-ல இருந்து கழிச்சுக்குவோம், 5 போட்டிருந்தா 1 ஆயிடும்.

ஒரே விசயத்த பத்தின கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்க க்ரான்பாக் ஆல்ஃபான்னு ஒரு எண் இருக்குது, 1951-ல வந்தது. 0.7-க்கு மேல இருந்தா பொதுவா ஏத்துக்குவாங்க. 0.95-ஐ தாண்டிச்சுன்னா சந்தோசப்படக் கூடாது, ஒரே கேள்விய சட்டை மாத்தி கேட்டிருக்கோம்னு அர்த்தம், அப்ப உங்க புகார் சரிதான்.

இந்த கேள்விய எல்லாம் யாருங்க முடிவு பண்றது? ஏசி ரூம்ல உக்காந்து எழுதறதா?

அப்படி எழுதின படிவமும் நாட்டுல நிறைய இருக்குது. ஒழுங்கா பண்ணினா முதல்ல டீச்சருங்ககிட்டதான் உக்காந்து பேசணும், அவங்க சொல்றதுல இருந்து கேள்வி எழுதணும். ஆரம்பப் பள்ளி டீச்சர் ஒருத்தங்க, "எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து நாங்க பசங்களோட தரைலதானுங்க உக்கார்றோம், நீங்க நாற்காலிய பத்தியே கேக்கறீங்க"ன்னாங்க. தரைல உக்காந்து குனியறதுக்கு தனி கேள்வி வந்தது அப்படித்தான். புஸ்தகத்துல அது கிடைக்காது.

அப்புறம் பிசியோ, எலும்பு டாக்டர், உடல்நலக் கல்வி படிச்சவங்க, அனுபவப்பட்ட டீச்சர் இவங்க கையில கொடுத்து ஒவ்வொரு கேள்வியும் அவசியமான்னு கேப்போம். 1975-ல லாஷி கொடுத்த கணக்குதான் இதுக்கு. பத்து பேர்ல ஒம்பது பேர் அவசியம்னா, ஒம்பதுல இருந்து பாதியான அஞ்ச கழிச்சு அஞ்சால வகுத்தா 0.8. பத்து பேர் குழுவுக்கு 0.62 வேணும்னு அவர் அட்டவணை சொல்லுது, அதனால இது பாஸ். எட்டு பேர் அவசியம்னா 0.6, ஒரு மயிரிழைல அவுட். எட்டு பேர் சரின்னு சொன்னதயே தூக்கணுமான்னு எனக்கே மனசு வராது, ஆனா கணக்கு கணக்குதான்.

வெளிநாட்டு படிவத்த அப்படியே தமிழ்ல மாத்திக்கலாமில்ல?

மாத்தலாம், அதுக்கு ஒரு முறை இருக்குது. 2000-ல பீட்டன் குழு எழுதின வழிமுறைப்படி ரெண்டு பேர் தனித்தனியா தமிழ்ல எழுதணும், ரெண்டையும் ஒண்ணாக்கணும், மூலத்த பாக்காத வேற ரெண்டு பேர் அதை திருப்பி இங்கிலீஷ்ல எழுதணும், ஒரு குழு உக்காந்து ஒப்பிடணும், 30-ல இருந்து 40 பேர்கிட்ட கொடுத்து பாக்கணும். கூகுள்ல போட்டு எடுத்துட்டு வந்து "தமிழ் வெர்ஷன்"னு சொல்றவங்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

பாஷைய விட பெரிய சிக்கல் வாழ்க்கை முறை. மேல சொன்ன 1991 படிவத்துல கார் ஓட்டறத பத்தி ஒரு பகுதி இருக்குது. இங்க டீச்சரம்மா தாராபுரத்துல இருந்து உள்ளூர் ரோட்டுல ஹெல்மெட் போட்டுட்டு ஸ்கூட்டில வர்றாங்க, ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் கழுத்து குலுங்குது. நாற்காலி உயரத்த ஏத்தி இறக்கி வெச்சுக்கறீங்களான்னு கேட்டா, எங்க ஸ்கூல் நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது, அதை ஏத்தி இறக்கறது எங்கங்கறாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு அதே படிவத்த மறுபடி கொடுத்தாங்க. போன தடவ வாங்கினத தொலைச்சிட்டாங்களா?

இல்லீங்க, பத்திரமா இருக்குது. ஒரே மஞ்ச மூட்டைய காலைல ஒரு எடை, பொழுதோட ஒரு எடை காட்டினா தராசுலதான் கோளாறு. அதே மாதிரி உங்க பழக்கம் மாறாதப்ப மார்க்கும் மாறக் கூடாது. ரெண்டு மார்க்கும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஒரு எண் போட்டு பாப்போம், 0.75-க்கு மேல இருந்தா நல்லா இருக்குதும்பாங்க. ரொம்ப சீக்கிரம் கொடுத்தா போன தடவ போட்டது ஞாபகம் இருக்கும், ரொம்ப தள்ளி கொடுத்தா பழக்கமே மாறியிருக்கும், அதனால ரெண்டு வாரம்.

நடுவுல அரைப்பரீட்சை வந்துட்டா அந்த கணக்கு தண்டம். முதல் தடவ சும்மா இருந்த டீச்சர் ரெண்டாவது தடவ பேப்பர் கட்டுக்கு நடுவுல உக்காந்திருப்பாங்க. தேதி குறிக்கும்போது ஸ்கூல் காலண்டர பாக்கணும், ஊர் நோம்பியையும் பாக்கணும்.

இதை ஹெச்.எம். பாப்பாருங்களா? பேர் போடணுமா?

பேர் வேண்டாம். ரெண்டு தடவ நிரப்பறதால ஒரு குறியீடு மட்டும், நீங்களே வெச்சுக்கற மாதிரி. கவர்ல போட்டு ஒட்டி எங்ககிட்டயே கொடுங்க, ஹெச்.எம். மேசைல அடுக்கி வெக்க வேண்டாம். சின்ன ஸ்கூல்ல வயசு, பாடம், சர்வீஸ் மூணையும் போட்டாவே யாருன்னு தெரிஞ்சிரும், அதனால ரிசல்ட்ட ஸ்கூல் வாரியா வெளிய விட மாட்டோம்.

ஹெச்.எம். பக்கத்துல நின்னுட்டு "எல்லாரும் நல்லபடியா போடுங்க"ன்னு சொன்ன இடம் உண்டு. அங்க எல்லாருமே தினமும் பயிற்சி பண்றாங்க, எல்லாருமே அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கறாங்க! அந்த படிவத்த வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இல்லவே இல்லைன்னு நீங்க தைரியமா போட்டாத்தான் எங்களுக்கு அது தகவல்.

அப்ப பொய் சொன்னா எப்படி கண்டுபிடிப்பீங்க? நேர்ல வந்து பாத்தே அளந்தரலாமே?

கொஞ்ச பேர்கிட்ட அப்படியும் பண்றது உண்டு. 1993-ல மெக்அடாம்னி, கார்லெட் போட்ட ரூலான்னு ஒரு முறை, கை, தோள், கழுத்து, முதுகு எந்த கோணத்துல இருக்குதுன்னு பாத்து 1-ல இருந்து 7 வரைக்கும் மார்க் போடறது, 7 வந்தா உடனே மாத்தணும்னு அர்த்தம். தலைல சின்ன சென்சார் மாட்டி கோணத்த பதிவு பண்றதும் இருக்குது.

ஆனா நான் பின் பெஞ்சுல நோட்டோட உக்காந்தா எந்த டீச்சரும் நிமிந்துதான் நிப்பாங்க. அதுவுமில்லாம நான் பாக்கறது ஒரு பீரியட், ஞாயித்துக்கிழமை வீட்டு திண்ணைல உக்காந்து ரேங்க் கார்டு எழுதறத நான் எங்க பாக்கறது? படிவத்துல பொய் வரும், நேர்ல பாத்தா நடிப்பு வரும். கொஞ்ச பேர்கிட்ட ரெண்டையும் பண்ணி, எவ்வளவு தூரம் விலகுதுன்னு பாத்துக்கறது ஒண்ணுதான் வழி.

மார்க் கம்மியா வந்தா நான் அக்கறை இல்லாதவன்னு அர்த்தமா? மேசை சரியில்லை, ஃப்ரீ பீரியட் இல்லை, இதுல பழக்கம் பழக்கம்னா எப்படிங்க?

இதுதான் மேல சொன்ன கோவமான கேள்வி, கோவத்துல நியாயமும் இருக்குது. "வேலைக்கு நடுவுல இடைவேளை எடுத்துக்குவேன்"னு கேட்டா, ஓராசிரியரா அஞ்சு வகுப்ப கட்டி மேய்க்கறவங்க இல்லவே இல்லைன்னுதான் போடுவாங்க. அது அவங்க சோம்பேறித்தனமா? அந்த மார்க்க கொண்டு போயி "டீச்சருக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு ரிப்போர்ட் எழுதினா அது அநியாயம், எழுதறவங்களும் இருக்கறாங்க.

அதனால ரெண்டு பகுதியா பிரிச்சே மார்க் போடணும்ங்கறது என் கட்சி. உங்க கையில இருக்கறது ஒரு பகுதி, ஸ்கூல் கையில இருக்கறது ஒரு பகுதி. மேசை உயரம், நாற்காலி, போர்டு மாட்டின உயரம், ஒரு வகுப்புல எத்தனை பசங்க, தொடர்ச்சியா எத்தனை பீரியட், இதெல்லாம் ரெண்டாவதுல. முதல் பகுதில நல்ல மார்க், ரெண்டாவதுல மட்டம்னா, டீச்சருக்கு ட்ரெய்னிங் வெக்கறத விட்டுட்டு தச்சர கூப்பிடுங்கன்னு சொல்லலாம். ரெண்டையும் கூட்டி ஒரே மொத்தமா காட்டற படிவம் வந்தா, பிரிச்சு காட்டுங்கன்னு நீங்களே கேளுங்க.

வலி ஸ்கூல்ல இருந்து வந்துச்சா வீட்டுல இருந்து வந்துச்சான்னு எப்படிங்க பிரிப்பீங்க?

சுத்தமா பிரிக்க முடியாது. காலைல சமையல், துணி, தண்ணி, குழந்தைய இடுப்புல தூக்கறது எல்லாம் முடிச்சுட்டுத்தான் டீச்சரம்மா பஸ் ஏறறாங்க, ராத்திரி கட்டில்ல சாஞ்சுட்டு செல் பாக்கறதும் அதே கழுத்துதான். வேலை சார்ந்த வலின்னா வேலையாலேயே வந்தது மட்டும் இல்லை, வேலையால கூடறதும் சேரும். அதனால மே மாச லீவுல குறையுதா, திங்கக்கிழமை விட வெள்ளிக்கிழமை அதிகமா, திருத்தற சீசன்ல ஏறுதான்னு கேக்கறோம். வீட்டு வேலை நேரத்தையும் கேட்டு வெச்சு கணக்குல கழிச்சு பாக்கறோம். அதை கேக்காத ஆய்வ நான் பாதிதான் நம்புவேன்.

எனக்கு தடுப்பு மார்க் 80-க்கு மேல, ஆனா வலி இருக்குது. பக்கத்து சாருக்கு மார்க் 40, வலியே இல்லை. படிவம் தப்புதானே?

இருபது கேள்வி, ஆளுக்கு 20-ல இருந்து 100 வரைக்கும் மார்க்னு வெச்சுக்குங்க. இந்த மாதிரி ஜோடி எல்லா ஸ்கூல்லயும் வரும். மொத கேள்விக்கு சொன்னத நினைச்சு பாருங்க, வலி வந்தப்புறம்தான் நிறைய பேர் தலகாணிய மாத்தறாங்க, பயிற்சி ஆரம்பிக்கறாங்க. ஒரே நாள்ல ரெண்டையும் கேட்டா, நிறைய தடுக்கறவங்களுக்குத்தான் நிறைய வலிங்கற மாதிரி தலைகீழா கூட தெரியும். அதை பாத்துட்டு பயிற்சி பண்ணினா வலி வரும்னு யாராச்சும் எழுதிட்டா போச்சு.

இதை தீக்கணும்னா வலி இல்லாதவங்கள மட்டும் எடுத்துட்டு, இப்ப மார்க் வாங்கிட்டு, ஒரு வருசம் கழிச்சு யாருக்கு வலி வந்துச்சுன்னு பாக்கணும். காசும் பொறுமையும் வேணும், டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் வேற வந்துரும். அப்புறம் வயசு, பழைய அடி, தூக்கம், மனசு சுமை இதெல்லாம் மார்க்குக்கு வெளிய இருந்து வலிய முடிவு பண்ணுது. பக்கத்து சாருக்கு சின்ன வயசா இருக்கலாம், பி.டி. சாராவே கூட இருக்கலாம்.

ட்ரெய்னிங் வெச்சோம், அப்புறம் மார்க் இறங்கிருச்சு! கெடுத்துட்டோமா?

இல்லீங்க, இது ரொம்ப சகஜம். ட்ரெய்னிங்குக்கு முன்னாடி "சரியான நிலைல உக்கார்றேன்"ங்கறதுக்கு எப்பவும்னு போட்டவங்க, சரியான நிலைன்னா என்னன்னு தெரிஞ்சப்புறம் சில நேரம்னு போடறாங்க. பழக்கம் கூடியிருக்கும், அளவுகோலும் சேந்து கூடிருச்சு. அதனால கடைசில ஒரு கேள்வி சேத்துக்குங்க: இப்ப தெரிஞ்சத வெச்சு பாத்தா, ட்ரெய்னிங்குக்கு முன்னாடி எந்த கட்டத்துல இருந்திருப்பீங்க?

மார்க் ஏறினாலும் உடனே மேடை போட்டுறாதீங்க. ட்ரெய்னிங் கொடுத்தவரே படிவம் வாங்கினா அவர் மனசு கோணாம போடுவாங்க. திருத்தற சீசன்ல ஆரம்பிச்சு லீவு முடிஞ்சு அளந்தா வலி தானாவே குறைஞ்சிருக்கும். ட்ரெய்னிங் கொடுக்காத இன்னொரு ஸ்கூல்லயும் அதே தேதில வாங்கினீங்கன்னாத்தான் வித்தியாசம் ட்ரெய்னிங்கால வந்ததான்னு சொல்ல முடியும்.

நிரப்பும்போதே எனக்கு கழுத்து புடிச்சிருக்குது. சுளுக்கு எடுக்கறவர்கிட்ட போலாங்களா?

படிவம் வைத்தியம் இல்லீங்க, இத நிரப்பிட்டா டாக்டர பாத்த கணக்காவாது. சாதாரணமா புடிச்சுக்கிட்டது பெரும்பாலும் கொஞ்ச நாள்ல தானா விடும், சுடு ஒத்தடம் கொடுத்துட்டு மெதுவா அசைச்சுட்டே இருங்க, கட்டி வெச்சு படுத்துக்கிடக்க வேண்டாம். கழுத்த வெடுக்குன்னு திருப்பி சொடக்கு எடுக்க யார்கிட்டயும் கொடுக்காதீங்க, எண்ணெய் போட்டு லேசா வழிச்சு விட்டா அது வேற.

கை மரத்துப் போகுது, சாக்பீஸ் கையில இருந்து நழுவுது, நடக்கையில தடுமாறுது, மூத்திரம் அடக்க முடியலை, வலியோட காய்ச்சல் இல்ல காரணமில்லாம எடை குறையுது, வண்டில விழுந்தப்புறம் வந்த வலி, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. நடுவுல யார்கிட்டயும் ரோசனை கேட்டுட்டு நிக்க வேண்டாம்.

எங்க ஸ்கூல்ல ஆறு பேர்தான். நாங்களே இந்த படிவத்த வெச்சு பாத்துக்கலாமா? எம்.எட். ப்ராஜெக்ட்டுக்கும் ஆகுமா?

உங்க ஸ்கூலுக்குன்னா தாராளமா. ஆறு பேருக்கு சராசரி போடாதீங்க, அர்த்தமில்லை. ஒவ்வொரு கேள்வியா எடுத்து எத்தனை பேர் இல்லவே இல்லைன்னு போட்டிருக்காங்கன்னு பாருங்க. ஆறுல அஞ்சு பேர் ஒரே கேள்விக்கு அப்படி போட்டிருந்தா அது ஆளு கோளாறு இல்லை, அங்க ஸ்கூல் ஏதோ மாத்த வேண்டி இருக்குது.

ப்ராஜெக்ட்டுக்குன்னா படிவத்த எழுதினவங்ககிட்ட அனுமதி வாங்குங்க, அப்புறம் உங்க கல்லூரி நெறிமுறைக் குழு ஒப்புதல். படிவத்தையே சோதிக்கறதா இருந்தா ஒரு கேள்விக்கு அஞ்சுல இருந்து பத்து பேர்ங்கறது வழக்கமான கணக்கு, இருபது கேள்விக்கு நூறுல இருந்து இருநூறு டீச்சர். தனியார் பள்ளி, அரசுப் பள்ளி, நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோட இருக்கற பள்ளி எல்லாம் கலந்து எடுங்க, ராத்திரி ஸ்டடி ஹவர் பாக்கற டீச்சரோட நாளே வேற. புடிக்காத கேள்விய நடுவுல தூக்கிட்டு மீதிய மட்டும் கொடுக்காதீங்க, அப்படி கொடுத்தா அது வேற படிவம், மேல சொன்ன ஆல்ஃபா, ரெண்டு வார கணக்கு எல்லாம் மறுபடி முதல்ல இருந்து போடணும். ஒவ்வொரு படிவத்துலயும் நிரப்பின தேதிய எழுத வெச்சிருங்க, ஜூன்ல வாங்கினதையும் மார்ச்ல வாங்கினதையும் ஒண்ணா கொட்டிட்டா அப்புறம் பிரிக்கறதுக்கு வழியில்லை.